ஃபிரீட்ரைக் அட்டாக்சியா நோயாளர் பதிவேட்டுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். நரம்புகளையும் இதயத்தையும் மெல்ல நலியச் செய்யும் பரம்பரை நோயான ஃபிரீட்ரைக் அட்டாக்சியா உள்ளவர்களை ஆண்டுதோறும் ஒரே முறையில் பரிசோதித்து, அந்த அளவுகளைப் பதிந்து வைக்கும் பொதுப் பதிவேடு ஒன்றை நோயாளிகளின் குடும்பத்தாரும் நரம்பியல் மருத்துவர்களும் சேர்ந்து நடத்த முன்வந்திருக்கிறோம். அதற்குத்தான் உங்கள் உதவியைக் கேட்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: இந்தப் பணத்தில் ஒரு மாத்திரைகூட வாங்கப்போவதில்லை. மருந்துக்கு என்றால் உடனே கொடுப்பவர்கள்கூட, அளந்து எழுதி வைப்பதற்கு என்றால் 'அது எதற்கு?' என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இந்தக் கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

இந்த நோயை 1863-இல் முதலில் விவரித்தவர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர மருத்துவர் நிக்கோலாஸ் ஃபிரீட்ரைக். காரணமான மரபணு 1996-இல்தான் பிடிபட்டது. ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவுக்குள் ஜி-ஏ-ஏ என்ற மூன்றெழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. மற்றவர்களிடம் இது 33 முறைக்குள் நின்றுவிடும். நோயாளிகளிடம் பல நூறு முறை, சிலரிடம் ஆயிரம் முறைக்கு மேலும் நீள்கிறது. அதனால் ஃபிராட்டாக்சின் என்ற புரதம் போதிய அளவு உருவாவதில்லை. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பைச் சரியாகக் கையாள இந்தப் புரதம் தேவை. அது குறையும்போது நரம்பு செல்களும் இதயத் தசையும் மெல்ல மெல்ல நலிகின்றன. பெற்றோர் இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருக்கும், ஆனால் இருவருக்கும் நோய் இராது. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் நடை தள்ளாடத் தொடங்கும். பிறகு பேச்சு குழறும், கை தடுமாறும், முதுகெலும்பு வளையும், பலரும் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். சிலருக்குச் சர்க்கரை நோயும் சேர்கிறது. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயப் பாதிப்பு. அறிவு தெளிவாகவே இருக்கும். குடித்துவிட்டு நடக்கிறான் என்று தெருவில் கேலி பேசுகிறவர்களின் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பிள்ளைக்குப் புரியும் என்பதுதான் பெற்றோரால் தாங்க முடியாதது.

இனி, அளப்பது எதற்கு என்ற கேள்வி. இந்த நோய்க்கென்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்த முதல் மருந்து ஓமாவெலாக்சோலோன். 2023 பிப்ரவரியில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதி கிடைத்தது, அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதித்தது. இது நோயைக் குணப்படுத்தாது, நகரும் வேகத்தைக் குறைக்கும். முக்கியச் சோதனையில் சேர்ந்தவர்கள் 103 பேர். 48 வாரம் கழித்து, மருந்து எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களுக்கும் இருந்த வேறுபாடு, நிற்பது, கை கால் அசைவு, பேச்சு முதலியவற்றை மதிப்பிடும் 93 புள்ளி கொண்ட அளவுகோலில் 2.4. சிறிய சோதனை, சிறிய வேறுபாடு. இது மட்டும் போதுமா என்று அதிகாரிகள் தயங்கியதில் வியப்பில்லை.

கைகொடுத்தது ஒரு பதிவேடு. 2003 முதல் நோயாளிகளை ஆண்டுதோறும் அளந்து, நோய் தானாக எப்படி நகர்கிறது என்று பார்த்து வந்த இயல்புப் போக்கு ஆய்வு ஒன்று ஏற்கெனவே இருந்தது. மருந்தைத் தொடர்ந்து எடுத்த 136 பேரை (இதற்கு முந்தைய கட்டச் சோதனையில் இருந்தவர்களும் இதில் உண்டு), அந்தப் பதிவேட்டிலிருந்து வயது, நோயின் நிலை முதலியவை ஒத்த 136 பேருடன் ஒப்பிட்டார்கள். மூன்றாண்டில் மருந்து எடுத்தவர்களிடம் நோய் 55 சதவீதம் மெதுவாக நகர்ந்திருந்தது. ஒப்புதலுக்கு வலுச்சேர்த்த சான்றுகளில் இதுவும் ஒன்று. எந்தப் புது மருந்தும் கிடைக்காமல், ஆண்டுதோறும் வந்து நடந்து காட்டி, சிறு குச்சிகளைத் துளைகளில் செருகிக் காட்டிப் போனவர்களின் உழைப்பு அது. அவர்களில் பலர் அப்போது இதனால் என்ன பயன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இது மெதுவாக நகரும் நோய். அந்த அளவுகோலில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டு புள்ளிதான் மாறுகிறது. மூன்றெழுத்துத் துண்டின் நீளத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் வேகமும் வேறு. ஆகவே ஓரிரு முறை அளந்தால் ஒன்றும் தெரியாது. பலரைப் பல ஆண்டு அளக்க வேண்டும். மேலே சொன்ன சோதனையில் 16 முதல் 40 வயது வரை உள்ளவர்களை மட்டுமே சேர்த்தார்கள், கடுமையான இதய நோய் இருந்தால் இடமில்லை. எங்கள் பதிவேட்டில் வயது வரம்பு கிடையாது. சிறுவரும், பல்லாண்டாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் வரலாம். இதில் எங்களுக்குள் விவாதம் நடந்தது. செலவு கூடும் என்றவர்கள் சொன்னது உண்மைதான், ஆனாலும் யாரையும் விடுவதற்கு மனம் ஒப்பவில்லை.

குறைவான புரதத்தை ஊசி வழியாக உடலுக்குத் தருவது, தீங்கில்லாததாக்கிய வைரஸில் நல்ல மரபணுவை ஏற்றி இதயத்துக்கு அனுப்புவது என்ற இரு வழிகளும் இப்போது மனிதர்களிடம் சோதிக்கப்படுகின்றன. மரபணு சிகிச்சை 2014-இலேயே எலிகளின் இதயப் பாதிப்பை மீட்டுக் காட்டியது. எலிகளிடம் வென்றது மனிதரிடம் தோற்பது மருத்துவத்தில் புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஐடிபினோன் என்ற மருந்துக்குக் கனடா 2008-இல் நிபந்தனையோடு அனுமதி தந்தது, பலன் நிரூபணமாகாததால் 2013-இல் அது சந்தையை விட்டுப் போனது. எது வென்றாலும் எது தோற்றாலும், அதைச் சொல்ல ஒப்பிடும் அளவுகள் வேண்டும்.

உங்கள் பணம் போகும் இடங்கள்: மரபணுப் பரிசோதனைக் கட்டணம், எக்கோ, ஈசிஜி, சர்க்கரைப் பரிசோதனை, அளவெடுக்கப் பிசியோதெரபிஸ்டுகளுக்குப் பயிற்சி. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஆகும் பயணச் செலவு. அதை மிச்சம் பிடித்தால் நடக்க முடியாதவர்கள் முதலில் நின்றுவிடுவார்கள், நன்றாக நடப்பவர்களின் கணக்கு மட்டுமே மிஞ்சும். குழுவினர் யாருக்கும் சம்பளம் இல்லை. கணக்கை வெளித் தணிக்கையாளர் பார்ப்பார், நன்கொடை கொடுத்த அனைவருக்கும் ஆண்டறிக்கை வரும். பெயரும் முகவரியும் நீக்கிய பின்னரே பதிவுகள் ஆய்வாளர்களுக்குத் தரப்படும்.

ஒருமுறை பெருந்தொகை தருவதைவிட, மாதந்தோறும் முடிந்ததைத் தருவது எங்களுக்கு அதிகம் உதவும். அடுத்த ஆண்டும் அதே நோயாளியை வரச் சொல்ல முடியும் என்ற உறுதி அதில்தான் கிடைக்கிறது. பணம் தர இயலாதவர்கள் தட்டச்சு, கணக்கு, வாகனம் என்று எதில் உதவினாலும் நல்லது. நன்கொடையைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள், பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் இந்த நோய் இருந்தால், நன்கொடைக்கு முன் அவர்களிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.

நன்றியுடன்,
பதிவேட்டுக் குழுவினர்