கடைமடைக் கிளையிலிருந்து கணினிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

தலைமை அலுவலகக் கணினிப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கிளைக் கணினிகளில் எஸ் டிரைவும் (நெட்வொர்க்கில் உள்ள பொது டிரைவ்) பிரிண்டரும் வருவதில்லை என்று நாங்கள் கொடுத்த புகாரின் எண், தேதி எல்லாம் உங்களிடமே இருப்பதால் பழைய கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நேற்று மாலை அந்தப் புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டீர்கள். இன்று காலையும் எங்கள் கிளையில் எஸ் டிரைவ் வரவில்லை, பிரிண்டர் வரவில்லை. தீர்ந்தது எது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். போன வியாழக்கிழமை முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். விஏஓ கையெழுத்துப் போட்ட அடங்கல், சிட்டா, ஆதார் நகல், பாஸ்புக் எல்லாவற்றையும் மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். விண்ணப்பத்தை அடித்து முடித்தாயிற்று. அச்சடிக்கப் பிரிண்டர் இல்லை. பென்டிரைவில் எடுக்கலாம் என்றால் அதற்கும் தடை. கடைசியில் திரையை செல்போனில் படம் எடுத்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினோம். முதல் பிரிண்டில் சர்வே எண் தெளிவாக விழவில்லை என்று மறுபடியும் படம் எடுத்தோம். அந்த அம்மாவின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இப்போது ஜெராக்ஸ் கடைக்காரர் போனில் இருக்கின்றன. பாதுகாப்புக்காகத்தான் குரூப் பாலிசிகளை, அதாவது தலைமை அலுவலகத்திலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பும் செட்டிங்குகளை, இறுக்கினோம் என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது.

'ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்' என்றீர்கள், செய்தோம். பாலிசிகளை உடனே புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் கட்டளையைக் கொடுக்கச் சொன்னீர்கள், கொடுத்தோம். அப்புறம் 'டெல்டா பக்கம் லைன் ஸ்லோ' என்றீர்கள். விண்டோஸ் இயல்பாக 500 கேபிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 500 கிலோபிட்) கீழே போனால்தான் ஒரு இணைப்பை மெதுவானது என்று கணக்கில் எடுக்கும். எடுத்திருந்தால் கணினியில் நடப்பதைப் பதிவு செய்து காட்டும் ஈவென்ட் வியூவரில் குரூப் பாலிசியின் ஆபரேஷனல் பதிவிலேயே அது தெரியும். அதை யாராவது ஒருவர் திறந்து பார்த்தீர்களா?

நாங்கள் பார்த்தவரை சொல்கிறேன். பயிற்சிக்குத் தலைமை அலுவலகத்துக்கு வந்தபோது இதே லாகினை உங்கள் கணினியில் போட்டேன். எஸ் டிரைவும் வந்தது, பிரிண்டரும் வந்தது. ஆகவே கோளாறு என் கணக்கில் இல்லை. இங்கே ஜிபிரிசல்ட் (எந்தெந்தப் பாலிசி வந்தது என்று காட்டும் அறிக்கை) எடுத்தால், பொருந்திய பாலிசிகளின் பட்டியலில் டிரைவ், பிரிண்டர் பாலிசியே இல்லை. அட்மின் உரிமை இல்லாததால் எங்களுக்குப் பயனர் பகுதி மட்டும்தான் வரும். கணினிப் பகுதியை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

சுற்றறிக்கைப்படி, பாலிசி யார் யாருக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் இருந்த அதென்டிகேட்டட் யூசர்ஸை (லாகின் செய்த எல்லாப் பயனர்களும் கணினிகளும் அடங்கிய குழு) நீக்கிவிட்டு ஊழியர் குழுவை மட்டும் போட்டிருக்கிறீர்கள். 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 அப்டேட்டுக்குப் பிறகு, பயனர் பாலிசியைக்கூடப் பயனரின் லாகினில் அல்ல, கணினிக்கென்று உள்ள கணக்கில்தான் விண்டோஸ் படிக்கிறது. கணினிக்குப் படிக்கும் உரிமை இல்லையென்றால், பயனர் எந்தக் குழுவில் இருந்தாலும் பாலிசி வராது. உங்கள் கணினிகளுக்கு அந்த உரிமை வேறு ஏதோ குழு வழியாக இருக்கிறது, கிளைக் கணினிகளுக்கு இல்லை என்பதே என் சந்தேகம். கேட்பது இவ்வளவுதான்: பாலிசியின் உரிமைகளைக் குறிக்கும் டெலிகேஷன் பக்கத்தில் டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்கு (நெட்வொர்க்கில் சேர்ந்த கணினிகளின் குழு) ரீட் உரிமை, அதாவது படிக்கும் உரிமை, கொடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பென்டிரைவ் தடையும் திரைப் பூட்டும் கணினிக்கான செட்டிங். அவை ஒரு நாளும் தவறியதில்லை. வேலைக்கு வேண்டிய டிரைவும் பிரிண்டரும் பயனருக்கான செட்டிங், அவைதான் வருவதில்லை. மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும், அதற்குப் பழகிவிட்டோம். பாலிசிக்குமா முறைப்பாசனம்? புது சாஃப்ட்வேர் என்றாலும் பயிற்சி என்றாலும் எங்களுக்குக் கடைசி இடம்தான். ஆள் குறைப்பு என்றால் மட்டும் பட்டியல் எங்களிடமிருந்து தொடங்கும்.

சரி, அது வேறு பேச்சு. கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 2018-இல் கஜா புயல் கரையைக் கடந்தது நவம்பர் 16 அதிகாலையில், வழக்கமான அந்தக் கடைசி நாளுக்கு மறுநாள். இந்தப் பக்கத்தில் நவம்பரில் ஒரு விண்ணப்பம் ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மறுபடியும் பணிவுடன் கேட்கிறேன். கிளைக் கணினிகளுக்கு அந்த ரீட் உரிமையைக் கொடுத்துவிட்டு ஒரு போன் செய்யுங்கள். நாங்கள் லாக்ஆஃப் செய்து திரும்ப உள்ளே போய்ப் பார்த்துச் சொல்கிறோம். என் சந்தேகம் தவறு என்றால், எங்கள் கணினி ஒன்றில் முழு ஜிபிரிசல்ட் எடுத்து எது தடுக்கிறது என்று எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை புகாரை மூடாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளை ஊழியர்களுக்காக,
முதுநிலை உதவியாளர்,
திருத்துறைப்பூண்டி