மகளுக்கு, அயர்லாந்தின் கானமாராவிலிருந்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு உன் குரலைக் கேட்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. மார்ச்சில் வரும் புனித பேட்ரிக் திருநாளை ஒட்டிய வாரங்களில்தான் அங்கே பலர் நம் ஐரிஷ் மொழியைப் பற்றிக் கேள்விப்படவே செய்கிறார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். சொற்பொழிவு, பாட்டு, விழா என்று துறை உன்னை விட்டிருக்காது. ஆனாலும் அத்தனை பேரை அழைத்து உபசரிக்க முடிந்தவளுக்கு வீட்டுக்குப் பேசப் பத்து நிமிடம் கிடைக்காதா?

உன்னை நினைத்துப் பெருமைப்படாத நாள் இல்லை. இங்கிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களின் ஹைபர்னியர் சங்கம், 1896-இல் வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் மொழிக்கு இருக்கை அமைக்க 50,000 டாலர் கொடுத்ததை நீ சொல்லித்தான் அறிந்தேன். பள்ளியில் ஐரிஷ் பேசிய பிள்ளையைத் தண்டிக்க, கழுத்தில் தொங்கவிட்ட குச்சியில் சொல்லுக்கு ஒரு வெட்டு விழுந்ததைப் பார்த்த தலைமுறை அது. அந்த மொழியை இன்று என் மகள் வகுப்பில் நின்று சொல்லிக்கொடுக்கிறாள்.

ஒன்று மட்டும் கேள். மாணவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல். நம் ஐரிஷ் எழுத்தாளர், ஸ்பிடால் ஊர்க்காரர் ஓ கைன் எழுதி 1949-இல் வெளிவந்த நாவலில் வருகிறவர்கள் எல்லோரும் இறந்தவர்கள். கல்லறைக்குள் கிடந்தபடி பேசுவதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்வதில்லை. அதைக் கண்ணால் மட்டும் படித்தால் என்ன கிடைக்கும்? இலக்கணம் பிறகு வரட்டும், முதலில் காதுக்குப் போகட்டும். போன முறையும் இதைத்தான் சொன்னேன், தெரியும்.

பாட்டியின் பக்கத்தைத் திரையில் காட்டினாயாமே. 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 50,000 பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கதைகளும் வைத்திய முறைகளும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் லட்சக்கணக்கான பக்கங்களாக இருக்கின்றன. அவற்றில் ஒரு பக்கம், பதின்மூன்று வயதில் அவள் தன் தாத்தாவிடம் கேட்டு எழுதிய மழைக்குறிகள். அந்தச் சாய்வெழுத்தைப் பார்த்துவிட்டுத்தானே கிறிஸ்துமஸ் அன்று, "பாட்டியின் குரல் எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா அப்பா?" என்று கேட்டாய். யாரும் வந்து கேட்கவில்லை என்று சொன்னேன். அதன் பிறகுதான் நீ பேசவில்லை.

வந்தார்கள், மகளே. 1983 கோடையில், நீ தொட்டிலில் இருந்தபோது, ஒருவர் டேப் ரெக்கார்டருடன் நம் வாசலில் வந்து நின்று, அழகான ஐரிஷில் என் அம்மாவை, உன் பாட்டியைக் கேட்டார். லண்டனில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். அந்த ஏழு வருடக் கூச்சம் எனக்குள் போகவில்லை. நம் வறுமையைப் படம் பிடிக்க வந்தவர் என்றே நினைத்து, அப்படிப்பட்டவர் இங்கே யாரும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அம்மா உள்ளே கணப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இரவு உன்னைத் தூங்க வைக்க வழக்கமாகப் பாடுகிற பாட்டையும் பாடவில்லை. இரண்டு வருடத்தில் போய்விட்டாள்.

இதை நேரில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. நீ கோபப்பட்டால் அது நியாயம்.

அவள் பாடியவற்றில் நான்கு பாட்டுகள் எனக்கு முழுதாகத் தெரியும். ஐந்தாவதில் நடுவே இரண்டு அடிகள் நினைவில் இல்லை. என் குரல் அவள் குரல் ஆகாது, ஆனாலும் அவள் மூச்சு விட்ட இடத்திலேயே நானும் விட்டுப் பாடுவேன். அடுத்த முறை கூப்பிடும்போது பதிவுக் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள். இங்கே இரவு ஒன்பதுக்கு மேல் என்றாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அப்பா