வலை இல்லாத வள்ளம்

கிங்ஸ்டன், இங்கிலாந்து
ஐப்பசி 12

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தங்கச்சி குடும்பமும் நலமாக இருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "வலை இல்லாத வள்ளம் என்னத்துக்கு?" என்று நீங்கள் கேட்டதும், நான் சிரித்துப் பேச்சை மாற்றியதும் மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. தொலைபேசியில் அவசரமாகச் சொன்னால் அது காசு மிஞ்சியவனின் விளையாட்டாகத்தான் உங்கள் காதில் விழும். ஆகையால் ஆறுதலாக எழுதுகிறேன்.

படகை நானும் மச்சானும் சேர்ந்துதான் வாங்கினோம். எங்கள் பெற்றோல் நிலையத்துக்கு வழமையாக வரும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவருடையது. 22 அடி நீளம், பைபர் உடம்பு, முன்பக்கம் இரண்டு பேர் படுக்கக்கூடிய ஒரு சிறு அறையும், தேநீர் வைக்க ஒரு காஸ் அடுப்பும் உண்டு. பெரியவருக்கு 80 வயது கடந்து, படகிலிருந்து கரைக்கு எட்டி வைக்க முழங்கால் இடங்கொடுக்காமற் போனதால் விற்றுவிட்டார். ஓட்டுவதை ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம், கட்டுவதைப் பழக ஒரு வருடம் வேண்டும் என்று அவர் சொன்னபோது, முல்லைத்தீவான் ஒருவனுக்கு வள்ளம் கட்டப் பழக்குகிறாரே என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், நாங்கள் ஊரில் வள்ளத்தைக் கட்டியதே குறைவு. மணலில் இழுத்து ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்தானே.

இந்த ஆற்றை உங்களுக்கு விளங்கச் சொல்வதானால் வட்டுவாகலைத்தான் சொல்ல வேண்டும். மாரியில் நந்திக்கடல் களப்பு நிறைந்து, முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்ட அன்றைக்குத் தண்ணீர் எப்படி ஒரே முகமாக இழுத்துக்கொண்டு ஓடுமோ, அப்படித்தான் தேம்ஸ் ஆறும், அதைவிட மெதுவாக, ஆனால் ஒரு நாளும் நிற்காமல் ஓடுகிறது. டெடிங்டன் என்ற இடத்திலிருந்து மேலே 44 இடங்களில் ஆற்றை மறித்து அணை கட்டி, மிஞ்சும் தண்ணீரை எங்கள் குளங்களைப் போல வான் பாயவிட்டு, பக்கத்தில் இரண்டு சோடிக் கதவுகள் கொண்ட தொட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதை லொக் என்பார்கள். படகு தொட்டிக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தி, துருசு மடையைத் திறந்து தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் நிற்கும்போது கயிற்றைக் கரைக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருக்கலாமே தவிர முடிச்சுப் போடக் கூடாது. தண்ணீர் இறங்கும் நேரத்தில் முடிச்சு இருந்தால் படகு சுவரில் தொங்கும்.

டெடிங்டனுக்குக் கீழே கடலின் வற்றும் பெருக்கும் வந்துவிடும். எங்கள் கடலில் அது ஒரு மீற்றர்கூட வராது. இலண்டன் பாலத்தடியில் ஏறத்தாழ 7 மீற்றர் ஏறி இறங்குகிறது. காலையில் கட்டிய படகு பின்னேரம் சேற்றில் சரிந்து கிடப்பதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

மேலே உள்ள பட்டினங்களில் கட்டுவதற்கு ஒரு பெரிய விதி இருக்கிறது: ஓட்டத்துக்கு முகங்கொடுத்துத்தான் கரைக்கு வர வேண்டும், அணியத்துக் கயிற்றை, அதாவது முன்பக்கக் கயிற்றைத்தான் முதலில் கட்ட வேண்டும். மேலே போகும்போது இது தானாக அமைந்துவிடும். கீழே வரும்போது பட்டினத்தைக் கடந்து போய், ஆற்றின் நடுவில் திரும்பி, மறுபடி மேல்நோக்கி ஏறிக் கரையை அணைய வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லாமற் போனது. முதல் வருடம் மேய்டன்ஹெட்டிலிருந்து திரும்பும் வழியில், விண்ட்சரில் ஓட்டத்தோடேயே கரையை அணைந்து, மச்சான் பாய்ந்து போய் அணியத்துக் கயிற்றைக் கட்டினார். ஓட்டம் படகின் பின்பக்கத்தைப் பிடித்து, கதவைத் திறப்பதுபோல அகலத் திறந்து, அரை வட்டமாகச் சுற்றிக் கொண்டுபோய்க் கரைச்சுவரில் அடித்தது. பழைய ரயர் ஒன்றையாவது தொங்கவிட்டிருந்தால் உடம்பு தப்பியிருக்கும். பக்கத்தில் ஒரு முழம் நீளத்துக்குக் கீறல் இன்றும் இருக்கிறது. கோட்டையைப் பார்க்க வந்த சனம் எல்லாம் கோட்டையை விட்டு எங்களைப் பார்த்தது.

அது வெட்கம் மட்டும்தான். பயம் என்றால் என்னவென்று போன வருடம் ஹென்லியில் கண்டேன். 1839 இலிருந்து துடுப்புப் படகுப் போட்டி நடக்கும் பட்டினம் அது. போட்டி நடக்கும் ஆடி மாதத் தொடக்கத்தில் அங்கே கட்ட இடமே கிடைக்காது என்பதால், நாங்கள் ஐப்பசியில் போனோம். இரண்டு நாள் மழை. லொக் வாசலில் மஞ்சள் பலகை தொங்கியது. மஞ்சள் என்றால் ஓட்டம் கூடுகிறது, பாதுகாப்பான இடம் பார்த்துக் கட்டு என்று பொருள். சிவப்பு என்றால் ஓட்டம் பலமாக இருக்கிறது, ஒருவருமே வெளிக்கிடக் கூடாது என்று பொருள். கட்டு என்று சொல்கிறார்கள், கட்டத்தானே போகிறோம் என்று பட்டினத்தை ஒட்டிய புல்வெளிக் கரையில் இரண்டு இரும்பு முளைகளை அடித்து, படகு அசையாதபடி கயிறுகளை இறுக்கிக் கட்டிவிட்டுப் படுத்தோம். இறுக்கியதுதான் பிழை.

இரவு மூன்று மணியளவில் தேநீர்க் கோப்பை மேசையில் தானாக நகர்ந்து வந்து விழுந்த சத்தத்தில் கண் விழித்தேன். படகு கரைப் பக்கம் சரிந்திருந்தது. மேலே பெய்த மழை வந்து ஆறு ஒன்றரை அடி உயர்ந்திருக்க, கயிறு விட்டுக்கொடுக்காமல் ஒரு பக்கத்தை மட்டும் கீழே பிடித்து வைத்திருந்தது. எழும்பிச் சப்பாத்தைத் தேடுவதற்குள் சரிவு சட்டென்று நிமிர்ந்தது. நல்லதாகப் போயிற்று என்று எண்ணினேன். யன்னலால் பார்த்தால், படுக்கும்போது இடக்கைப் பக்கம் நின்ற தெருவிளக்கு வலக்கைப் பக்கம் நின்றது. ஊறிய மண்ணிலிருந்து முன் முளை பிடுங்குப்பட்டு, படகு பின் கயிறு ஒன்றில் மட்டும் தொங்கிக்கொண்டு கீழ்நோக்கித் திரும்பிவிட்டது என்பது விளங்கவே எனக்குச் சற்று நேரம் எடுத்தது. கீழே கட்டியிருந்த படகிலிருந்து ஒரு வயதான அம்மா, இரவு உடுப்புக்கு மேல் மழை அங்கியோடு ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் கயிறு ஒன்றை எறிந்தார். மூவருமாக அரை மணித்தியாலம் இழுத்து, ஒரு மரத்தின் அடியில் கட்டினோம். விடிந்ததும் பலகை சிவப்பாகிவிட்டது. நான்கு நாள் அங்கேயே இருந்தோம். அந்த நான்கு நாள் சம்பளம் போனது. 2014 மாசியில் இதே ஆறு பெருகிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்ததைப் பெரியவர் சொல்லக் கேட்டிருந்தும் எனக்கு அன்று புத்தி வரவில்லை.

இப்போது கரைமண் ஈரமாக இருந்தால் ஒரு கயிற்றுக்கு இரண்டு முளைகளைக் குறுக்கும் மறுக்குமாக அடிக்கிறேன். கயிற்றில் சிறிது தளர்வு விடுகிறேன். அந்தத் தளர்வால் படகு முன்னும் பின்னும் ஓடாமல் இருக்க, நடுவிலிருந்து சாய்வாக இன்னொரு கயிறு போகும். முனையைக் கரையில் முடியாமல், கரையிலுள்ள வளையத்துக்குள்ளால் விட்டுப் படகுக்கே திருப்பிக் கொண்டுவந்து கட்டுகிறேன். இதில் இரண்டு இலாபம்: இரவில் படுக்கையை விட்டு எழும்பி நின்ற இடத்திலேயே தளர்த்தலாம், வெள்ளிக்கிழமை இரவுகளில் குடிவெறியில் வரும் பொடியன்கள் விளையாட்டுக்கு அவிழ்த்துவிட முடிச்சு கரையில் அகப்படாது. அவிழ்த்துவிடப்பட்ட படகு வான் கட்டு இருக்கும் பக்கம் போனால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா பயப்படுவார் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்: கரைக்குத் தாவுவதே இல்லை, எட்டித்தான் வைக்கிறோம், உயிர்காப்பு அங்கி எப்போதும் உடம்பில் இருக்கிறது. இந்தத் தண்ணீரின் குளிர் விழுந்தவுடன் மூச்சைப் பறிக்கும், எங்கள் நீச்சல் அந்த முதல் நிமிடத்தில் உதவாது. அடுப்பு மூட்டும்போது கூடாரத் துணியைத் திறந்து வைக்கிறோம். நச்சுப் புகைக்குக் கத்தும் கருவியும் படுக்கைக்கு மேலே இருக்கிறது.

இவ்வளவு கரைச்சல் பட்டு என்ன கண்டாய் என்று கேட்பீர்கள். மார்லோ என்ற பட்டினத்தில் ஆற்றுக்கு மேலே தொங்கும் பாலம் ஒன்று இருக்கிறது. 1832 இல் கட்டியது. கட்டிய பொறியியலாளர் பின்னர் புடாபெஸ்ட் நகரத்துப் பெரிய தொங்குபாலத்தையும் வடிவமைத்தவர். அந்தப் பாலத்துக்குக் கீழே அணையில் தண்ணீர் விழும். நாங்கள் பாலத்துக்கு மேற்பக்கம் கட்டிவிட்டு, அம்மா அனுப்பிய தூளில் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுப் படுத்தோம். இரவு முழுவதும் அந்தச் சத்தம். கண்ணை மூடினால், மாரியில் முத்தையன்கட்டில் சின்னம்மா வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு, குளம் வான் பாய்வதைக் கேட்கிற மாதிரியே இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த பதினொரு வருடத்தில் நான் அப்படித் தூங்கியது குறைவு.

காலையில் யாரோ கதவைத் தட்டுவதுபோலச் சத்தம் கேட்கும். அன்னங்கள் படகின் அடியில் பிடித்த பாசியைக் கொத்துகின்றன. பாலையும் நீரையும் பிரிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பறவை இங்கே ஒரு துண்டுப் பாணுக்குச் சண்டை பிடிக்கிறது. கரையில் தூண்டில் போடுபவர்களோ மீனைப் பிடித்து, படம் எடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப ஆற்றில் விடுகிறார்கள். உங்கள் வலைக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இன்னொன்று. தெருவில் முகத்தைப் பார்க்காத மனிதர், கையில் கயிற்றோடு நிற்பவனுடன் பேசுகிறார். ஒரு தடவை, லொக் அருகே கட்டியிருந்தபோது சீருடை போட்ட ஒருவர் எங்களை நோக்கி நடந்து வந்தார். படகும் கரையும் சீருடையும் ஒன்றாகச் சேர்ந்ததும் என் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது. அவர் லொக் காவலர். இன்றிரவு தங்குகிறீர்களா, காலையில் ஓட்டம் குறையும், அவசரப்படாமல் போங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கள் பின் கயிற்றைக் குனிந்து பார்த்து, நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்றார். அதை மச்சான் இப்போதும் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார்.

ஐயா, நீங்கள் கயிற்று முனையில் முடிச்சுப் போடாமல் புரியைப் பிரித்து உள்ளே செருகி வளையமாகக் கண் பின்னுவீர்களே, அதை எனக்கு மறந்துவிட்டது. கடையில் வாங்கிய கயிற்றின் கண் பிரியத் தொடங்கிவிட்டது. தம்பியைக் கொண்டு உங்கள் கைகள் மட்டும் தெரியும்படி, ஆறுதலாக, வட்சப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தம்பியின் வள்ளத்துக்குப் புதுக் கயிறு வாங்கக் காசு அனுப்பியிருக்கிறேன். மழை தொடங்கிவிட்டதென்று தங்கச்சி சொன்னாள். முகத்துவாரம் வெட்டுவதற்கு முதல் வள்ளத்தை மேலே ஏற்றிவிடச் சொல்லுங்கள். கட்டிவிட்டிருக்கிறேன்தானே என்று அவன் சொன்னால், ஹென்லியில் நடந்ததை வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகன்