கோஸ்டா ரிக்கால என்ன வீட்டுப் பிள்ளையா பாத்துக்கிட்டவங்களுக்கும், என்ன அனுப்பி வச்ச உங்களுக்கும்

நம்ம தமிழ்ப் பள்ளி பெரியம்மா, சித்தி, மாமா, அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கமுங்க.

மார்ச் மாசம் நானும் அம்மாவும் மூணு சனிக்கிழமை தோசை ஸ்டால் போட்டப்ப ஒருத்தர் விடாம வந்து சாப்ட்டீங்க, ஒரு தோசை 5 டாலர்னு எழுதி வச்சிருந்தோம், நெறைய பேரு இருபது டாலர வச்சிட்டு மீதி வாங்காமயே போய்ட்டீங்க. என் விமான டிக்கெட்டுல பாதிக்கு மேல அந்த தோசைக் காசுதான். அதனால அங்க 16 நாள் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு சொல்லணும், அங்க என்ன பாத்துக்கிட்டவங்களுக்கும் நன்றி சொல்லணும். அவங்களுக்கு இதையே ஸ்பானிஷ்ல வாய்ஸ் மெசேஜா பேசி அனுப்பிட்டேன், ஆனா தமிழ்ல எழுதினாத்தான் எனக்கு மனசு நெறையும். யாரு பேரும் போடல, அவங்க சின்ன ஊர்க்காரங்க, நான் சொன்னா அவங்களுக்கே தெரியும் யாருன்னு.

எங்க ஸ்கூல் ஸ்பானிஷ் க்ளாஸ்ல இருந்து 14 பேரு, ரெண்டு டீச்சர். மொதல் எட்டு நாள் துர்ரியால்பாங்கற மலையூர்ல ஆளுக்கொரு வீட்ல தங்கி காலைல ஸ்பானிஷ் க்ளாஸ், அப்புறம் பகுவாரே ஆத்துல ராஃப்டிங், கடைசியா கரீபியன் கடற்கரைல தொர்துகேரோ பக்கத்துல ஒரு சின்ன ஆய்வு நிலையத்துல ஆமை வேல.

மொத நாளே என் பொட்டி வரல. சான் ஹோசே ஏர்போர்ட்ல பெல்ட் சுத்திக்கிட்டே இருக்கு, எல்லாரு பொட்டியும் வந்துருச்சு, என்னுது மட்டும் இல்ல, விமானக் கம்பெனிக்காரங்க ஒரு ஃபார்ம நீட்டி நாளைக்கு வரும்னாங்க, வந்தது நாலாவது நாள். ஜூலைல அங்க மழைக்காலம், மத்தியானம் ஆனா கொட்டும், நான் போட்டிருந்த ஒரு ஜீன்ஸோட ராத்திரி ஒரு தெரியாத வீட்டு வாசல்ல நிக்கறேன். அந்த வீட்டம்மா, ஊர்ல எல்லாரும் தோன்யான்னு மரியாதையா கூப்பிடுவாங்க, என்ன பாத்ததும் பொட்டி எங்கன்னுகூட கேக்கல, உள்ள கூட்டிட்டு போய் டவல குடுத்து, சான் ஹோசேல வேல பாக்கற அவங்க பொண்ணோட பீரோவ தொறந்து விட்டு, எது வேணுமோ எடுத்துக்கங்கன்னாங்க. அடுத்த நாள் காலைல பக்கத்து வீட்டு தாத்தா அவரு பேத்தியோட ரப்பர் பூட்ஸ கொண்டாந்து வாசப்படில வச்சிட்டு போயிருக்காரு. நான் கேக்கவே இல்ல. அவரு நான் ஷூவோட சேத்துல நடந்து வந்தத பாத்திருக்காரு, அவ்வளவுதான். தாத்தா, அந்த பூட்ஸ் இல்லன்னா எனக்கு அந்த ஒரு வாரமே இல்லைங்க.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், எங்க கொங்கு நாட்டு ஆளுங்களுக்கு உடனே புரியும். நான் பொள்ளாச்சிப் பக்கம் பொறந்து 11 வயசுல இங்க வந்தவ. எங்க அமுச்சி, அதாவது அம்மாவோட அம்மா, மூணு வயசுக் குழந்தையக்கூட வாங்க கண்ணு, சாப்புடுங்க கண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க. ஸ்கூல்ல எங்களுக்கு சொல்லிக் குடுத்தது, சின்னவங்களுக்கும் ஃப்ரெண்ட்ஸுக்கும் தூ, பெரியவங்களுக்கு உஸ்தெத், அதாவது நீ, நீங்க மாதிரி. கோஸ்டா ரிக்கால போய் பாத்தா தூ சொல்ற ஆளையே காணோம், நெருக்கமானவங்களுக்குள்ள வோஸ் சொல்றாங்க, மத்தபடி எல்லாருக்கும் உஸ்தெத்துதான். தோன்யா என்னைய உஸ்தெத்ங்கறாங்க, அவங்க நாலு வயசுப் பேரன உஸ்தெத்ங்கறாங்க, வீட்டு நாய்க்கும் உஸ்தெத்! மொத நாள் ராத்திரி அவங்க எனக்கு தட்டு வச்சு சாப்புடுங்க சாப்புடுங்கன்னு சொன்னது காதுல விழுந்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு, அமுச்சி வீட்டு சமையக்கட்டுல ஒக்காந்த மாதிரி இருந்துச்சு.

அவங்க பேச்சும் அமுச்சி மாதிரிதான், அவசரமே கெடயாது. நான் ஒரு வாக்கியம் ஆரம்பிச்சு நடுவுல வினைச்சொல் வராம நிப்பேன், நேத்து போனேனா போவேனா போயிருந்தேனான்னு தலைக்குள்ள தேடிட்டு இருப்பேன், அவங்க கரண்டிய கீழ வச்சிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பாங்க. எடுத்துக் குடுக்க மாட்டாங்க, சிரிக்க மாட்டாங்க, சரி சரி புரிஞ்சுதுன்னு முடிச்சு விடவும் மாட்டாங்க. நான் முடிச்ச அப்புறம் அதே வாக்கியத்த சரியா அவங்க ஒரு தடவ சொல்லி, அதுக்கு பதிலும் சொல்லுவாங்க. நான் அஞ்சு வருசம் க்ளாஸ்ல படிச்சேன், ஆனா நான் பேசி முடிக்கற வரைக்கும் ஒருத்தர் எனக்காக அடுப்ப சிம்ல வச்சது அங்கதான். தோன்யா, உங்களுக்கு நான் சொல்ற நன்றில பெரிய பங்கு அந்தக் கரண்டிய கீழ வச்சதுக்குத்தான்.

சாப்பாட்ட பத்தி சொல்லாம விட முடியாது. காலைல காயோ பிந்தோ, முந்தின நாள் சோறும் கருப்பு பீன்ஸும் வெங்காயம் கொத்தமல்லி போட்டு வதக்கினது, நம்ம பழைய சோத்த தாளிச்சு சாப்புடற பாசம் அதுல இருக்கு. காப்பி, துணிப்பை ஒன்ன மரச் சட்டத்துல மாட்டி மேல சுடுதண்ணி ஊத்தி எறக்குவாங்க. ஒரு நாள் சௌசௌவ பொடியா நறுக்கி பொரியல் மாதிரி செஞ்சு வச்சாங்க, சௌசௌ அந்தப் பக்கத்துக் காய்தான்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது, நம்ம ஊர்க்காய்னே நெனச்சிருந்தேன். துர்ரியால்பா சுத்தி கரும்பும் காப்பியும்தான், கரும்பு ஆலைல காய்ச்சி அச்சுல ஊத்தி வெல்லம் எடுக்கறாங்க, அந்த வெல்லத்த தண்ணில கொதிக்க வச்சா அக்வா துல்சே. மழை பெய்யறப்ப தகரக் கூரை மேல சத்தம், கைல சூடா வெல்லத் தண்ணி, எதிர்ல தோன்யா. நன்றின்னு சொன்னா, கோன் மூச்சோ குஸ்தோன்னு பதில் சொல்வாங்க, ரொம்ப சந்தோசத்தோடன்னு அர்த்தம், மத்த ஊர்ல மாதிரி பரவால்லன்னு விட்டுர்றதில்ல.

தபால்ல ஏதாவது அனுப்பலாம்னு அட்ரஸ் கேட்டேன், தேவாலயத்துல இருந்து 200 மீட்டர் கெழக்க, 50 மீட்டர் தெக்க, பச்சை கேட்டுன்னு சொன்னாங்க, நெசமாவே அதுதான் அட்ரஸ். அம்மா அதையே கவர்ல எழுதி பூண்டு ஊறுகாய் அனுப்பினாங்க, போய்ச் சேந்துருச்சு, தபால்காரருக்கும் நன்றி.

பகுவாரே ஆறு. ரெண்டு பக்கமும் காடு செவுரு மாதிரி நிக்குது, அருவி நேரா ஆத்துக்குள்ள விழுது, கபேகார் பழங்குடி மக்களோட நெலம் அந்தக் கரைல இருக்கு. எங்க படகு கைடு கட்டளை எல்லாம் ஸ்பானிஷ்லதான் குடுப்பேன்னுட்டாரு, அதெலாந்தேன்னா முன்னாடி துழாவு, அத்ராஸ்னா பின்னாடி, ஆல்தோன்னா நிறுத்து. ரெண்டாவது நாள் ஒரு பெரிய அலைல நான் தண்ணிக்குள்ள விழுந்துட்டேன், எந்தப் பக்கம் மேலன்னு தெரியல, அவரு லைஃப் ஜாக்கெட் தோள்பட்டைய புடிச்சு ஒரே இழுவைல படகுக்குள்ள போட்டுட்டு, என் கண்ண பாத்து மூச்சு விடுங்க, மெதுவான்னு அஞ்சாறு தடவ சொன்னாரு. அதுக்கப்புறம் அமைதியான எடத்துல படகு மெதக்கறப்ப அவரு ஆத்தோட கதைய சொன்னாரு. அங்க மின்சாரத்துக்கு அணை கட்ட திட்டம் இருந்துச்சாம், 2005ல துர்ரியால்பா ஜனங்க ஓட்டு போட்டு வேண்டாம்னு சொல்லிட்டாங்க, 2015ல அரசாங்கமே 25 வருசத்துக்கு அந்த ஆத்துல அணை கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அவங்க அம்மாவும் ஓட்டு போட்டாங்களாம். அண்ணா, என்ன தூக்கிப் போட்டதுக்கும் நன்றி, அந்த ஆறு ஓடிட்டு இருக்கறதுக்கு உங்க அம்மாவுக்கும் நன்றி.

பொறவு ஆமைக் கரை. தொர்துகேரோவுக்கு ரோடு கெடயாது, பஸ் நிக்கற எடத்துல இருந்து படகுலதான் போகணும், எங்க டிரைவர் மாமா மழைல நனைஞ்சுக்கிட்டு 16 பேரு மூட்டையையும் தானே எறக்கி வச்சாரு, அவருக்கும் நன்றி. அங்க வர்றது பேராமை, பச்சை ஆமைன்னும் சொல்வாங்க, அமெரிக்காக் கண்டங்கள்லயே பேராமைங்க ரொம்ப அதிகமா முட்டை போடற கரைகள்ல அது ஒன்னு. 1950கள்ல ஆர்ச்சி கார்ங்கற விஞ்ஞானி வந்து அங்க ஆமைக்கு டேக் போட ஆரம்பிச்சாரு, அப்பல்லாம் கறிக்கும் சூப்புக்கும் முட்டைக்கும் கரையேறுன ஆமைங்கள மல்லாக்க திருப்பிப் போட்டு அப்படியே கப்பலேத்திருவாங்களாம், 1975ல தேசியப் பூங்கா ஆச்சு. எங்க ராத்திரி ரோந்துக்கு தலைவி ஒரு அக்கா, அவங்க தாத்தா அப்படி ஆமை திருப்பி வித்து குடும்பத்த காப்பாத்துனவரு, அத மறைக்காம சொன்னாங்க. தாத்தாவுக்கு அப்ப வேற வேல இல்ல, எனக்கு இருக்குன்னாங்க.

இங்க நம்ம பள்ளி சென்னை அக்காவுக்கு தனியா நன்றி. நீங்க காலேஜ் படிக்கறப்ப நீலாங்கரைல இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் பங்குனி ஆமைக்காக ராத்திரி நடந்த கதைய சொல்லி, 1988ல இருந்து மாணவருங்களே அத நடத்திட்டு வர்றாங்கன்னு சொல்லி, வெள்ளை வெளிச்சம் பட்டா ஆமை பயந்து திரும்பிரும், டார்ச்சுக்கு செவப்பு தாள் கட்டிக்கோன்னு குடுத்து விட்டீங்க. என் டார்ச்ச பாத்துட்டு அந்த அக்கா யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டாங்க, உங்கள சொன்னேன். முட்டை போடாம ஆமை திரும்பிப் போனா மணல்ல வளைஞ்ச தடம் இருக்கும், அத அங்க மேதியா லூனாங்கறாங்க, அரை நெலான்னு அர்த்தம். மொத ரெண்டு ராத்திரி எங்களுக்கு அரை நெலாதான், மழைல நாலு மணி நேரம் நடந்தோம், யாரும் பேசல.

ஜூலை 17 ராத்திரி ஒன்னு வந்துச்சு. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடு, மூச்சு விடறது மனுசங்க பெருமூச்சு மாதிரியே கேட்டுச்சு. முன்துடுப்பால மணல வாரி வீசிட்டு, பின்துடுப்பு ரெண்டையும் கை மாதிரி மாத்தி மாத்தி குழி தோண்டுச்சு, அத பாக்கறப்ப யாருக்கும் பேச்சே வரல. முட்டை விழ ஆரம்பிச்சதும் அக்கா என் தோள தொட்டு, நீங்கதான் எண்றீங்கன்னாங்க. நான் மணல்ல குப்புற படுத்து, கையுறையோட குழிக்குள்ள கைய விட்டு, விழ விழ எண்ணணும், ரெண்டு மூணு ஒன்னா விழும், கைல கிளிக் பண்ற கவுண்டர் இருந்துச்சு, ஆனாலும் வாயில தமிழ்லதான் எண்ணிட்டு இருந்தேன். நூத்திப் பன்னெண்டு. எத்தனைன்னு அக்கா கேட்டாங்க, சியென்தோ தோசேன்னேன். பன்னெண்டுக்கு ஸ்பானிஷ்ல தோசே! சொன்ன அந்த நிமிசமே நீங்க எல்லாரும் ஸ்டால் முன்னாடி மழைல தட்டோட நின்னது கண்ணு முன்னாடி வந்துருச்சு, அந்த இருட்டுல நான் ஏன் அழுவறேன்னு அக்காவுக்கு புரியல, ஆனா கைய புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் துடுப்புல டேக் நம்பர் படிச்சோம், அது பழைய டேக், முன்னாடியே அதே கரைக்கு வந்து போன ஆமை.

எங்க ரெண்டு டீச்சருங்களுக்கும் நன்றி, நீங்க தூங்குனத நான் பாக்கவே இல்ல. கூட வந்த 13 பேருக்கும், முக்கியமா என் பொட்டி வர்ற வரைக்கும் சாக்ஸ் குடுத்தவளுக்கு. ராத்திரி ஃபோன் வருமோன்னு முழிச்சிட்டு இருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும்.

செப்டம்பர் 20 காலைல ஸ்கூல் பஸ்ல இருக்கறப்ப ஆமை அக்கா மெசேஜ் அனுப்புனாங்க, குஞ்சு வெளிய போன அப்புறம் அவங்க கூட்ட தோண்டி முட்டை ஓடு எண்ணுவாங்க, நம்ம கூட்டுல 112ல 91 பொரிச்சு வெளிய போயிருக்கு. அன்னைக்கு சாயங்காலமே அமுச்சிக்கு வீடியோ கால் போட்டு எல்லாத்தையும் சொன்னேன், தோன்யா பத்தி, உஸ்தெத் பத்தி, வெல்லத் தண்ணி, எல்லாம். அமுச்சி எல்லாத்தையும் கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க, அப்புறம் கேட்டாங்க, “அந்த மீதி இருவத்தொன்னு என்னாச்சுங்க கண்ணு?”

நன்றிங்க எல்லாருக்கும்.