குதிரை மீட்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களே (இவ்வறிக்கை அவர்களுக்கும் அனுப்பப்படுகிறது), வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. தடுப்பூசிகள் போடப்பட்டன. லாயத்தின் கூரை செப்பனிடப்பட்டது. ஆண்டு விழா மழையால் தள்ளிப்போய், பின்னர் சுருக்கமாக நடந்தது.

இனி, பலர் வாயிலும் விழுந்து புறப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். தத்தெடுக்க வருகிறவரைச் சவாரி செய்து காட்டச் சொல்வது அவமதிப்பு என்று சில உறுப்பினர்கள் கருதுகிறார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். வாங்குகிறவரைப் பார்க்காதே என்று எந்தப் பழமொழியிலும் இல்லை.

பழைய விண்ணப்பத்தில் தொடக்கநிலை, இடைநிலை, தேர்ச்சி என்று மூன்று கட்டங்கள் இருந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் இடைநிலை. முன்னால் போகும் குதிரையின் வாலைப் பார்த்தபடி சுற்றுலாச் சவாரி போனவரும் இடைநிலைதான். அந்தக் கட்டங்களை நீக்கிவிட்டேன். கடைசியாக எப்போது ஏறினீர்கள், எந்த வேகம் வரை பழக்கம், குதிரை மிரண்டபோது என்ன செய்தீர்கள் என்றே இப்போது கேட்கிறோம்.

கேட்பதோடு விடுவதில்லை. முதலில் நமது நிதானமான கிழக் குதிரையைப் பிடித்து வரச் சொல்கிறோம். கட்டி, தேய்த்து, நான்கு குளம்புகளையும் தூக்கிச் சுத்தம் செய்து, சேணம் பூட்டவேண்டும். வயிற்றுவாரை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நம்முடையது அதில் கைதேர்ந்தது. நாலடி நடத்தி, உப்பல் வடிந்து வார் தளர்ந்ததும் மறுபடி இறுக்குகிறாரா என்று பார்ப்பேன். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மீதி விடை, ஏறி உட்கார்ந்தபின் துள்ளுநடையில் (நடையைவிட வேகமான, குலுக்கும் ஓட்டம்). உடம்பு குலுங்கும்போது கை லகானில் தொங்குகிறதா, இல்லை கை அசையாமல் இடுப்பு ஈடுகொடுக்கிறதா? லகானில் தொங்குகிறவருக்குப் பந்தயத்திலிருந்து வந்த குதிரையைக் கொடுக்க முடியாது. லகான் இறுகினால் அதில் சாய்ந்து ஓடப் பழகியவை அவற்றில் பல. இவர் பயந்து இழுப்பார், அது வேகமெடுக்கும்.

செம்பழுப்புப் பெண்குதிரையின் கதைக்கு வருகிறேன். உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னிகி அளவுகோலில் 2 என்ற நிலையில் வந்தது. விலா எலும்புகளை எட்ட நின்றே எண்ணலாம். சவாரி பழகாத ஒரு குடும்பம் அதைப் பார்த்து, "எவ்வளவு சாது!" என்று சொல்லித் தத்துக் கேட்டது. பட்டினி கிடந்த குதிரை துள்ளுவதற்குத் தெம்புக்கு எங்கே போகும்? மறுத்துவிட்டேன். சில மாதத் தீவனத்தில் விலா மறைந்தது, சாதுத்தனமும் மறைந்தது. இப்போது ஒரு பை காற்றில் சலசலத்தால் பக்கவாட்டில் பாய்கிறது. என்னைக் குறைகூறியவர்கள் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். அந்தக் குடும்பமோ, சவாரிக்கு உதவாத முதிய குதிரையொன்றை ஏற்று மகிழ்ச்சியாக இருக்கிறது.

மதிப்பீட்டுக்குக் குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் குதிரையருகில் நிற்க, மற்றவர் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். முறைப்பட்டியலில் கையெழுத்துகளுக்குக் குறைவில்லை, கையெழுத்திட்டவர்களைத்தான் காணோம். தலைவலி, திருமணம், மறதி என்று காரணங்கள் வந்தன. ஒருவர் காரணம் சொல்லவும் மறந்துவிட்டார்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செலவை வரவு முழுதாக எட்டிப்பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சந்தா பாக்கி வைத்திருப்போர் பெயர்களைத் தலைவர் கேட்டுக்கொண்டதால் இங்கே படிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

கால்நடை மருத்துவருக்கும், லாடம் அடிப்பவருக்கும், நன்கொடையாளர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் படிவங்களையும் லாயச் சாவியையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் சனிக்கிழமை காலைகளில் குதிரையைப் பிடித்துக்கொள்ள ஒருவராவது வேண்டும். வருகிறவர் பாக்கிச் சந்தாவையும் கையோடு கொண்டுவந்தால் ரசீது அங்கேயே தரப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்