ஒட்டாவாவில் டொக்வூட் வைக்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

மே மாதம் பிறந்தால் செடி விற்கும் இடங்களில் எங்கள் சனம் நிறைந்துவிடும், அதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். முன்முற்றத்துக்குச் சின்னதாக ஒரு பூமரம் தேடுபவர்கள், படத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும் டொக்வூட்டை ஒட்டாவாவுக்கு வாங்காதீர்கள். நான் வாங்கினேன். அட்டையில் வலயம் 5 என்று இருந்தது (செடி எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று காட்டும் எண் அது, எண் குறையக் குறையக் குளிர் கூடும்), ஒட்டாவாவும் 5தானே என்று நம்பினேன். அது அமெரிக்கக் கணக்கு, குளிர்காலத்தின் ஆகக் குறைந்த வெப்பநிலையை மட்டும் பார்ப்பது. கனடாவின் கணக்கில் மழை, காற்று, தரையில் படியும் பனியின் ஆழம் எல்லாம் சேரும். மூன்று வருடம் இலை வந்தது, பூ ஒன்றுகூட வரவில்லை. ஏனென்றால் அந்த மரம் அடுத்த வருடப் பூமொட்டை இலையுதிர்காலத்திலேயே கிளை நுனியில் சட்டைப் பொத்தான் மாதிரிக் கட்டி, குளிர் முழுக்க வெளியே வைத்துக்கொண்டு நிற்கிறது, மைனஸ் 30க்கு இறங்கும் இரவில் மரம் தப்பினாலும் மொட்டு தப்பாது. நான்காவது குளிரில் மரமும் பட்டுப்போனது.

அப்புறம் வைத்தது பகோடா டொக்வூட். இந்த மண்ணிலேயே பிறந்த மரம், வலயம் 3 குளிரையும் தாங்கும். கிளைகள் கோபுர நிலைகள் போல அடுக்கடுக்காகக் கிடையாக விரியும், ஜூனில் வெண்மஞ்சள் பூங்கொத்து, கோடை முடிவதற்குள் சிவப்புக் காம்பில் கருநீலப் பழம், அதை ரொபின் குருவிகள் ஒன்றும் மிச்சம் வைக்காது. பூ மற்றதைப் போல எடுப்பாக இருக்காது, உண்மைதான். ஆனால் இலையில்லாத ஜனவரியில், அந்தக் கிளைகளின் மேல் பனி படிந்திருக்கும்போது பாருங்கள்.

இடம்தான் முக்கியம். இது காட்டில் பெரிய மரங்களின் நிழலில் வளர்வது, வேர் மேலோட்டமாக ஓடும், அதனால் தெற்கு வெயிலில் வைத்தால் வாடும். வீட்டின் கிழக்குப் பக்கம் நல்லது. அடியில் மூன்று அங்குலத்துக்கு மரச்சில்லுகள் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். முதல் இரண்டு கோடையும் தண்ணீர் தவறக்கூடாது. வாடிய மரத்தில்தான் கிளையைப் பளீர் மஞ்சளாக்கும் பூஞ்சை பிடிக்கும். நிறம் அழகாக இருக்கிறதென்று விடாதீர்கள், மழையில்லாத நாளில் மஞ்சளுக்குக் கீழே நல்ல கட்டையோடு வெட்டி அகற்றி, கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். குளிரில் முயல் பட்டையைக் கொறிக்கும், அடிமரத்தைச் சுற்றிக் கம்பிவலை போடுங்கள்.

எங்கள் முதியவர்கள் பலர் படத்தைப் பார்த்தே மரம் வாங்குகிறார்கள். ஏப்ரல் இதழில் அரைப்பக்கம் ஒதுக்கி, இந்த வலய எண்களைத் தமிழில் விளக்கி வெளியிடுங்கள்.

ஒரு வாசகர்,
ஒட்டாவா