டெவலப்மென்ட் போர்டு டிசைன் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கங்க. ஈஎஸ்பி32 சிப்ப (ஒரே சிப்ல அடங்குன குட்டி கம்ப்யூட்டர்) வச்சு போர்டு போட்டு விக்கிறீங்கள்ல, உங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன், யார் பேரையும் இழுக்கல.

போன வாரம் டிஎச்டி22ங்கிற வெப்பநிலை, ஈரப்பதம் அளக்குற சென்சார் மாடியூல போர்டோட 12-ம் பின்ல (ஜிபிஐஓ 12) மாட்டுனேன். ஏன் 12னா, அதான் பிரெட்போர்டுல (சால்டர் இல்லாம ஒயர சொருகுற பலகை) கைக்கு வாகா காலியா இருந்துச்சு. புரோகிராம் ஏற்கனவே ஏத்தி ஓடிட்டு இருந்துச்சு, ஒயர சொருகுனதும் டெம்பரேச்சர் அழகா வந்துச்சு, நானும் போய் தூங்கிட்டேன். காலைல யூஎஸ்பிய கழட்டி மாட்டுனா செத்த மாதிரி கெடக்கு. சீரியல் மானிட்டர்ல (போர்டு அனுப்புற மெசேஜ கம்ப்யூட்டர்ல காட்டுற விண்டோ) 'ஃபிளாஷ் ரீட் எர்ரர்'னு நிக்காம ஓடுது, அதாவது புரோகிராம் இருக்குற ஃபிளாஷ் மெமரிய படிக்க முடியலன்னு. கேபிள மாத்தி, கம்ப்யூட்டர மாத்தி, வேற போர்டயே போட்டு பாத்தும் அதே கதைதான், ரெண்டு ராத்திரி போச்சு. கடைசில எரிச்சல்ல சென்சார் ஒயர புடுங்கிட்டு ரீசெட்ட அமுக்குனா ஜம்முனு எழுந்து உக்காருது!

விஷயம் என்னன்னா பவர் வர்ற அந்த நொடில 12-ம் பின்ன பாத்துதான் ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டான்னு சிப் முடிவு பண்ணுது. உள்ள ஒரு புல்-டவுன் (பின்ன 0 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்) இருக்கு, ஆனா மாடியூல்ல இருந்த 10 கிலோ ஓம் புல்-அப் (3.3 வோல்ட் பக்கம் இழுக்குற ரெசிஸ்டர்) அத அமுக்கிருச்சு. பின் ஹையா தெரிஞ்சு 1.8 போயிருச்சு, 3.3 வோல்ட் ஃபிளாஷ் அதுல எங்கருந்து ஓடும்?

டேட்டாஷீட்ல போட்டிருக்கேன்னு சொல்வீங்க. போட்டிருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா மொத எல்இடிய மினுக்க வச்ச சந்தோஷத்துல இருக்குறவன் 'ஸ்ட்ராப்பிங் பின்'னு (இந்த 12 மாதிரி, எழும்போது சிப் பாத்து முடிவெடுக்குற பின்) தேடிட்டா இருப்பான்? உங்க போர்டுல 12-க்கும் 13-க்கும் ஒரே வெள்ள எழுத்து. 34-லருந்து 39 வர இன்புட் மட்டும்தான், உள்ள புல்-அப்பும் கெடையாது, அத எழுதல. 6-லருந்து 11 வர ஃபிளாஷுக்கே போகுது, அதையும் சில போர்டுல வெளிய இழுத்து சும்மா கெடக்குற பின் மாதிரி விட்டிருக்கீங்க. லோகோவுக்கு மட்டும் எடம் தாராளமா இருக்கு (ரெண்டு பக்கமும் போட்டவங்களும் உண்டு).

பெருசா ஒண்ணும் கேக்கல. ஸ்ட்ராப்பிங் பின்னான 0, 2, 5, 12, 15 பக்கத்துல ஒரு புள்ளி, இன்புட் மட்டும் இருக்குற பின்னுக்கு ஒரு அம்புக்குறி. அதுவும் மேல் பக்கத்துல, ஏன்னா அடில அச்சடிச்சா பிரெட்போர்டுல சொருகுன பிறகு யாருக்கும் தெரியாது.

எங்கிட்ட இருக்குற ரெண்டு போர்டுக்கும் செவப்பு நெயில் பாலிஷ்ல நானே புள்ளி வச்சிட்டேன். அடுத்த பேட்ச்சுலயாவது நீங்க வைங்க.